பட்டறைத் திண்ணை: கேரவனுக்கு எத்தனை பூட்டு?

(முன்பு லாரி ஓட்டி, இப்போது கிருஷ்ணகிரியில் வண்டி எலக்ட்ரிகல் பட்டறை வைத்திருப்பவர் வாசகர்களுக்குப் பதில் சொல்லும் பகுதி. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கேம்பர் வேன், கேரவன் பற்றியவை.)

அண்ணே, பணி ஓய்வுப் பணத்தில் பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கிக் கட்டில், அடுப்பு, ஃப்ரிட்ஜ் வைத்துக் கேரவனாக மாற்றிவிட்டேன். அலாரம், நாலு கேமரா, ஜிபிஎஸ் எல்லாம் சேர்த்து ஒருவர் பெரிய தொகை சொல்கிறார். முதலில் எதைப் போடுவது?
*ஆசிரியராக இருந்தவர், காவேரிப்பட்டணம்*

சார், கேமராவைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். கேமரா திருடனைப் படம் பிடிக்கும், அவ்வளவுதான். குல்லா போட்ட ஒருத்தன் உங்கள் ஃப்ரிட்ஜைத் தூக்கிக்கொண்டு போகிற படத்தை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்?

இப்போதே எழுந்து போய், பாடி கட்டியவர் புதிதாக வைத்த கதவையும், வெளிப்பக்கம் திறக்கிற சாமான் பெட்டிகளையும் பாருங்கள். பெரும்பாலும் மேஜை டிராயருக்குப் போடுகிற பூட்டுதான் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து ஒரு திருகு திருகினால் கையோடு வந்துவிடும். இது நம் ஊர்ப் பட்டறைகளின் குறை மட்டும் இல்லை. அமெரிக்காவில் கம்பெனியே கட்டி விற்கிற பல கேரவன்களின் வெளிப்பெட்டிகளுக்கு சிஹெச்751 என்ற ஒரே சாவிதான். யார் சாவியும் யார் பெட்டியையும் திறக்கும். அதனால் அங்கே புது வண்டி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக அந்தப் பூட்டைக் கழற்றி எறிகிறார்கள். நீங்களும் அதையே செய்யுங்கள். கதவுக்கு நல்ல பூட்டு, உள்ளே படுத்திருக்கும்போது போட மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள். தாழ்ப்பாளைப் பிளைவுட்டில் அறையாமல் இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

அடுத்தது, லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்கிற வேலைகள். டீசல் மூடிக்குப் பூட்டு, பேட்டரிப் பெட்டிக்குப் பட்டை, ஸ்டெப்னிக்குச் சங்கிலி. முழு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகத் துணிகிறவன் குறைவு. ராத்திரியில் டீசலை உறிஞ்சுகிறவனும் பேட்டரியைக் கழற்றுகிறவனும்தான் அதிகம்.

வண்டியே போகாமலிருக்க, டீசல் வருவதை நிறுத்துகிற மறைவு சுவிட்ச் ஒன்று. எங்கே வைத்திருக்கிறது என்பது உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் மட்டும் தெரிந்தால் போதும், மாப்பிள்ளைக்குக்கூட வேண்டாம். ஸ்டீயரிங்கில் பளிச்சென்று தெரிகிற நிறத்தில் ஒரு பூட்டு. அதை அறுக்க முடியுமா என்றால் முடியும். ஆனால் நேரமாகும், சத்தம் வரும். அது தெரிந்தாலே அவன் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடுவான்.

ஜிபிஎஸ் நல்லதுதான். ஆனால் பலர் அதை டேஷ்போர்டுக்கு அடியில் ஃப்யூஸ் பெட்டி பக்கம் மாட்டிவிடுகிறார்கள். திருடன் முதலில் கை விடுகிற இடமே அதுதான். உங்கள் வண்டியில் கட்டில் இருக்கிறது, பலகை இருக்கிறது, கூரைக்கு லைனிங் இருக்கிறது. ஒளிக்கவா இடமில்லை? தனி பேட்டரி உள்ளதாக வாங்கி, இரும்பு மறைக்காத இடமாகப் பார்த்து உள்ளே புதையுங்கள். அதிலுள்ள சிம்முக்கு ரீசார்ஜ் செய்ய மறக்காதீர்கள். அலாரம் வாங்கினால், ஆள் உள்ளே தூங்கும்போது கதவை மட்டும் காவல் காக்கிற வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் புரண்டு படுத்தாலே ஊரைக் கூட்டிவிடும்.

மாருதி ஈகோவில் படுக்கை போட்டிருக்கிறேன். சைலன்சரைத் திருடுகிறார்கள் என்கிறார்களே, கதையா?
*ஓசூர் இளைஞர்*

கதை இல்லை தம்பி. சைலன்சரோடு சேர்ந்து வருகிற கேட்டலிடிக் கன்வர்ட்டர் என்ற புகை சுத்தப்படுத்தும் பாகத்துக்குள் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்று விலை உயர்ந்த உலோகங்கள் இருக்கின்றன. ஈகோவில் அதைக் கழற்றுவது சுலபம் என்பதால் பல மாநிலங்களில் கும்பலாகவே கிளம்பினார்கள். அடியில் கம்பிக் கூண்டு அடித்து, போல்ட் தலைகளை வெல்டிங் வைத்துவிடுங்கள். பின்னால் கழற்ற வேண்டி வந்தால் மெக்கானிக் திட்டுவார், திட்டட்டும். காலையில் ஸ்டார்ட் செய்ததும் வண்டி டிராக்டர் மாதிரி கத்தினால் இறங்கி அடியில் பாருங்கள்.

நானும் கணவரும் மட்டும் பயணம் போகிறோம். ராத்திரி எங்கே நிறுத்தித் தூங்குவது? தொப்பூர் பக்கம் பயமாக இருக்கிறது.
*பர்கூர் வாசகி*

தொப்பூர்க் கணவாயில் பயப்பட வேண்டியது திருடனுக்கு இல்லை அம்மா. பாரம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் வருகிற லாரி, பிரேக் பிடிக்காமல் போனால் ஓரமாக நிற்கிற வண்டியைத்தான் வாரிக்கொண்டு போகும். அங்கே டீ குடிக்கக்கூட ஓரங்கட்டாதீர்கள். ஒன்று தர்மபுரிப் பக்கமே தூங்கிவிட்டு விடிந்ததும் இறங்குங்கள், இல்லை முழுசாக இறங்கி முடித்துச் சேலம் பக்கம் இடம் பாருங்கள். அதேபோல, பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறங்குகிற காட்டுச் சாலையிலும் வேண்டாம். யானையைத் தடுக்கிற பூட்டை இன்னும் யாரும் செய்யவில்லை. ஒகேனக்கல் போனால் தமிழ்நாடு ஓட்டல் மாதிரி காவலாளி உள்ள வளாகமாகப் பார்த்து, கட்டணம் கொடுத்து உள்ளே நிறுத்திக்கொள்ளுங்கள்.

நெடுஞ்சாலையில் என்றால், ராத்திரி முழுக்க வேலை நடக்கிற பெரிய பங்க்தான் என் முதல் தேர்வு. டீசல் போட்டுவிட்டு, மேனேஜரிடம் நேராகப் போய், "ராத்திரி இங்கே தூங்கிக்கொள்கிறோம்" என்று சொல்லுங்கள். கேட்டுக்கொண்டு நிறுத்தினால் அங்கே இருக்கிற பையன்களும் ஒரு கண் வைத்துக்கொள்வார்கள். லாரிகள் வரிசையாக நிற்கிற இடமும் நல்லதுதான். லாரிக்காரர்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். லாரிக்காரர்களும் தங்கள் சரக்கைக் காக்கத்தான் அங்கே நிறுத்துகிறார்கள் என்பதை யோசிப்பதில்லை. ஆள் இல்லாத, மரநிழலுள்ள, அழகான இடம்தான் மோசம். போட்டோவுக்கு அங்கே நில்லுங்கள், தூக்கத்துக்கு வேண்டாம். அந்தப் போட்டோவையும் ஊர் திரும்பிய பிறகு ஸ்டேட்டஸ் வையுங்கள்.

நிறுத்தும்போது வண்டியின் மூக்கு சாலையைப் பார்த்து இருக்கட்டும். படுக்கப் போகும் முன் டிரைவர் சீட்டில் இருக்கிற துணி, தலையணை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். சாவி எப்போதும் ஒரே இடத்தில் இருக்கட்டும். இது சாதாரணக் காருக்கு இல்லாத ஒரு வசதி: கீழே இறங்காமலேயே படுக்கையிலிருந்து ஸ்டீயரிங்குக்கு வந்துவிடலாம். நடுராத்திரியில் யாராவது தட்டினால் கதவைத் திறக்காமல் கண்ணாடி வழியாகவே பேசுங்கள். சரியாகப் படவில்லை என்றால் ஸ்டார்ட் செய்து வெளிச்சமுள்ள இடத்துக்குப் போய்விட்டு 112-ஐ அழையுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033.

பகலில்தான் இன்னும் கவனம் வேண்டும். "டயர் பஞ்சர்", "அடியில் ஆயில் ஒழுகுது", "உங்க பணம் கீழே விழுந்திருக்கு" என்று சொல்லி ஒருத்தன் உங்களை இறக்குவான். இருவரும் அந்தப் பக்கம் குனிந்து பார்க்கும்போது இன்னொருத்தன் இந்தப் பக்கக் கதவு வழியாகப் பையை எடுப்பான். ஒருவர் இறங்கினால் மற்றவர் உள்ளேயே உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொள்ள வேண்டும்.

மயக்க மருந்தை ஏசி வழியாக அடித்துவிட்டுக் கேரவனில் கொள்ளையடிக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. உண்மையா?
*ஊத்தங்கரை வாசகர்*

ஐரோப்பாவில் ரொம்ப நாளாகச் சுற்றுகிற கதை இது. பிரிட்டனில் மயக்கவியல் மருத்துவர்களின் ராயல் காலேஜே இதை மறுத்திருக்கிறது. ஈதர் மாதிரி பழைய மருந்து என்றால் நெடி தாங்காமல் ஆள் எழுந்துவிடுவான். புதிய மருந்துகள் என்றால், ஒரு வேனை நிரப்புகிற அளவுக்கு வாங்கத் திருடனுக்கே கட்டுப்படியாகாது. அசந்து தூங்கியவர்கள் காலையில் எழுந்து, பறிகொடுத்ததை நம்ப முடியாமல் மருந்து மேல் பழியைப் போடுகிறார்கள் என்று நான் நினைக்கிறேன். ஆனால் பேச்சுக் கொடுத்து மயக்க பிஸ்கட் கொடுக்கிறவன் நிஜம். அவனிடம் எதையும் வாங்கித் தின்னாதீர்கள்.

காற்றில் வருகிற உண்மையான ஆபத்து உங்கள் அடுப்புதான். ஜன்னலை மூடிக்கொண்டு குளிருக்கு அடுப்பையோ கரியையோ எரித்துவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு சேரும். அதற்கு வாசனையே கிடையாது. சமையல் கேஸ் கசிந்தால் காற்றைவிடக் கனம் என்பதால் தரையில் தங்கும். தரையோரம் ஒரு காற்றுத் துளை வேண்டும், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வேண்டும். திருடனுக்குப் பயந்து அந்தத் துளையை அடைக்கிறவர்களை என்னவென்று சொல்வது.

இன்சூரன்ஸ் இருக்கிறது. திருடு போனால் முழுப் பணமும் வருமா?
*பாலக்கோடு வாசகர்*

வண்டியை மாற்றிக் கட்டியதை ஆர்டிஓவில் சொல்லி ஆர்சியில் ஏற்றினீர்களா? மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவுப்படி அது கட்டாயம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். சோலார் பேனல், டிவி, இன்வெர்ட்டர் எல்லாவற்றையும் பாலிசியில் தனியாகக் காட்டாவிட்டால் அவற்றுக்குப் பைசா பெயராது. உள்ளே வைத்திருந்த நகை, லேப்டாப், புடவை எதுவும் சாதாரண வண்டி பாலிசியில் சேராது.

வண்டி காணோம் என்று போனால் எஃப்ஐஆரோடு இரண்டு சாவியையும் கேட்பார்கள். சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டு டீ குடிக்கப் போனது தெரிந்தால் இழுத்தடிப்பார்கள். இரண்டாவது சாவி வீட்டில் இருக்கட்டும். ஒரிஜினல் ஆர்சியும் வீட்டில் இருக்கட்டும், டிஜிலாக்கரில் காட்டினால் போலீஸ் ஏற்றுக்கொள்ளும்.

பயணம் இல்லாத மாதங்களில் வண்டியை எங்கள் மாந்தோப்பில் நிறுத்தலாமா?
*போச்சம்பள்ளி வாசகர்*

நிறுத்தலாம், காவல்காரர் அங்கேயே தங்குகிறார் என்றால். பக்கக் கதவு மோட்டார் கொட்டகைச் சுவரோடு ஒட்டியிருக்கிற மாதிரி நிறுத்துங்கள். அந்தப் பக்கம் யாராலும் திறக்க முடியாது. சக்கரத்துக்கு இரும்புப் பூட்டு, பேட்டரி கனெக்ஷனைக் கழற்றி வையுங்கள். ஜிபிஎஸ்ஸின் தனி பேட்டரியை அவ்வப்போது சார்ஜ் செய்யுங்கள். திரைகளைத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று தெரியும்படி விடுவது நல்லது. தோப்பில் திருடனுக்கு முன்னால் எலி வரும். அரிசி, பருப்பு ஒரு மணிகூட உள்ளே இருக்கக் கூடாது. ஒயரைக் கடித்துவிட்டு என்னிடம்தான் வருவீர்கள்.

சீட்டுக்கு அடியில் ஒரு அரிவாள் வைத்துக்கொள்ளலாமா?
*பெயர் வேண்டாம், மத்தூர்*

வேண்டாம். ஓசூர் எல்லையில் ஜூஜூவாடி செக்போஸ்டில் அதற்கு விளக்கம் சொல்லி மாளாது. அதை எடுத்து நீங்கள் வீசுவதற்குள் எதிராளி பிடுங்கிவிடுவான். மிளகு ஸ்பிரேயும் மூடிய வேனுக்குள் அடித்தால் முதலில் உங்கள் கண்தான் எரியும். நல்ல சத்தமான ஹாரன் போடுங்கள், படுக்கைப் பக்கம் அதற்கு ஒரு சுவிட்ச். பட்டறைக்கு வந்தால் நானே போட்டுத் தருகிறேன்.