30,000 ரூபாய்க்குள் வாங்கும் லேப்டாப் டிகிரி முடியும் வரை தாங்குமா?

கேள்வி கேட்டவரின் தங்கை பி.காம். சேர்கிறார். 30,000 ரூபாய், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் 35,000 வரை செலவழிக்க முடியும் என்கிறார். புதுசு வாங்கலாமா, பழசு வாங்கலாமா என்பது கூடவே இருக்கும் சந்தேகம்.

தாங்கும். ஆனால் எதில் கை வைத்து விலையைக் குறைத்திருக்கிறார்கள் என்று பார்த்து வாங்கினால்தான் தாங்கும். நான் ஒரு கலைக் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கிறேன். "சார், ஆன் ஆகவே பத்து நிமிஷம் ஆகுது", "சார், மூட முடியல" என்று பிள்ளைகள் தூக்கி வரும் லேப்டாப்களில் பெரும்பாலானவை இந்த விலையில் வாங்கியவைதான். அதே விலையில் வாங்கி மூன்று வருடமும் நிம்மதியாக ஓட்டியவர்களையும் பார்க்கிறேன். இரண்டு கூட்டத்துக்கும் பிராண்டில் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கிய மாடலில்தான் வித்தியாசம்.

விலை குறைந்த லேப்டாப்பில் குறைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றில் சிலதைப் பிறகு காசு வந்ததும் சரிசெய்துகொள்ளலாம். சிலது வாங்கிய நாளோடு முடிந்தது, என்ன செய்தாலும் மாற்ற முடியாது. இந்த இரண்டாவது வகையைத் தவிர்ப்பதுதான் முழு வேலையும்.

முதலில் ஸ்டோரேஜ். இ.எம்.எம்.சி. என்று ஸ்பெக் ஷீட்டில் போட்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். அது ஏறக்குறைய மெமரி கார்டு ரகம். வேகமான இ.எம்.எம்.சி. கூட நொடிக்கு 400 எம்.பி. அளவில்தான் நிற்கும். இப்போது வரும் லேப்டாப்களில் தனியாகச் செருகும் சேமிப்பு அட்டையான சாதாரண என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. ஆயிரம், இரண்டாயிரம் என்று போகும். வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ஆனால் அது போர்டிலேயே ஒட்டியிருக்கும், கழற்றி மாற்ற முடியாது. விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச இடமே 64 ஜி.பி. அதே 64 ஜி.பி. கொண்ட லேப்டாப்பில் இரண்டு பெரிய அப்டேட் வந்தால் பிள்ளைகளின் ஃபைலுக்கு இடம் இருக்காது. 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இருந்தால் பி.காம். படிப்புக்குத் தாராளம், அதைப் பிறகு கழற்றிப் பெரிதாகவும் போட்டுக்கொள்ளலாம்.

ரேமும் அதே கதைதான். 4 ஜி.பி. போதும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்வது விண்டோஸ் 11 ஏறுவதற்கு மட்டும். குரோமில் நாலு டேப், பக்கத்தில் ஒரு எக்செல் திறந்ததும் திணற ஆரம்பித்துவிடும். 8 ஜி.பி.க்குக் கீழே இறங்காதீர்கள். கூடுதல் ஸ்லாட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். எல்.பி.டி.டி.ஆர். என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் ரேம் போர்டோடு சோல்டர் செய்யப்பட்டிருக்கும், கூட்ட வழியில்லை. "இப்போ வாங்கிட்டு ரேமை அப்புறம் போட்டுக்கலாம்" என்று முன்பெல்லாம் நானே சொல்வேன். ஆனால் ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ரேம் விலை மளமளவென்று ஏறியது. அதனால் இப்போதைக்கு 8 ஜி.பி.யை முதலிலேயே வாங்கிவிடுவது நல்லது.

பிராசஸரைப் பற்றிக் கடைக்காரர்தான் அதிகம் பேசுவார், நான் சுருக்கமாகச் சொல்கிறேன். செலரான் என்4020 என்பது 2019-இல் வந்த இரண்டு கோர் சிப், அதை எடுக்கவே வேண்டாம். 2023-இல் வந்த இன்டெல் என்100 நான்கு கோர் சிப். டாலி என்ற கணக்கு எழுதும் சாஃப்ட்வேர், எக்செல், யூடியூப் எல்லாவற்றுக்கும் சரியாக இருக்கும். இன்டெல் ஐ3-1215யூ கிடைத்தால் இந்த விலையில் அதுதான் என் தேர்வு. ஏ.எம்.டி. கம்பெனியின் ரைசன் 3 7320யூ என்ற பெயரைப் பார்த்து 7 என்று தொடங்குவதால் எல்லாமே புதுசு என்று நினைக்காதீர்கள். அந்த 7320-இல் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் கோரின் தலைமுறையைச் சொல்லும். 2 என்றால் ஜென் 2, அது 2019-இல் வந்த வடிவமைப்பு. மோசமான சிப் இல்லை, ஆனால் அதில் ரேம் எப்போதும் சோல்டர்தான். 4 ஜி.பி. மாடலை எடுத்தால் கடைசி வரை 4 ஜி.பி.தான்.

இப்போது யாரும் கடையில் பேசாத விஷயம், ஹிஞ்ச். லேபுக்கு வரும் பட்ஜெட் லேப்டாப்களில் நான் அதிகம் பார்க்கும் சேதம் இதுதான். மூடியையும் அடிப்பாகத்தையும் இணைக்கும் அந்த உலோகக் கீலைப் பிளாஸ்டிக்கில் பதித்த சின்னச் சின்னப் பித்தளை மரைகளில் ஸ்க்ரூ போட்டு நிறுத்தியிருப்பார்கள். கீல் இறுக்கமாக இருக்கும், பிளாஸ்டிக் மெல்லிசு. தினமும் ஒரு மூலையைப் பிடித்துத் திறந்தால் அந்தப் பக்கத்து மரை மெல்லக் கழன்று வரும். முதலில் மூடியின் ஓரத்தில் ஒரு விரிசல், அடுத்து ஸ்கிரீன் சட்டம் பிரியும், கடைசியில் டிஸ்ப்ளே கேபிள் அறுபடும். அது வரை விட்டால் செலவு லேப்டாப் விலையில் கணிசமான பங்கைத் தின்னும். உடைந்தது வாரண்டியில் வராது என்றுதான் பெரும்பாலும் கைவிரிப்பார்கள். அதனால் கடையில் டெமோ பீஸைத் திறந்து மூடிப் பாருங்கள். திறக்கும்போது அடிப்பாகம் வளைகிறதா, கீல் பக்கம் இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். வாங்கிய பிறகு மூடியின் நடுவில் பிடித்துத் திறக்கத் தங்கையைப் பழக்குங்கள்.

ஸ்கிரீனையும் நேரில் பார்க்காமல் வாங்க வேண்டாம். டி.என். பேனல் என்ற மலிவு ரக ஸ்கிரீன் என்றால் கொஞ்சம் சாய்த்தாலே நிறம் மாறிவிடும். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் நிறம் மாறாத ஐ.பி.எஸ். ரகம், ஃபுல் எச்.டி. இரண்டும் இருந்தால் நல்லது. 250 நிட்ஸ் வெளிச்சம் அறைக்குள் போதும், ஜன்னலோரம் கஷ்டம்தான்.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் வாங்கச் சொல்கிறேன் என்றால், போனிலேயே அசைன்மென்ட் டைப் பண்ணி, போனிலேயே எக்செல் திறந்து மூன்று வருடத்தை ஓட்டும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். இன்டர்வியூவில் எக்செல்லில் ஒரு பிவட் டேபிள் (பெரிய பட்டியலைச் சுருக்கித் தொகுத்துக் காட்டும் அட்டவணை) போடச் சொன்னால் அவர்கள் கை நடுங்குகிறது. லேபில் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் கிடைப்பதை வைத்துக் கை பழகாது. டாலி பிரைமை லைசென்ஸ் இல்லாமலே எஜுகேஷனல் மோடில் போட்டுப் பழகலாம். மாதத்தில் குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட விடும், ஆனால் படிக்கிறவருக்கு அது போதும். இதற்கெல்லாம் விலை உயர்ந்த மெஷின் தேவையே இல்லை. புது பட்ஜெட் லேப்டாப்பில் புது பேட்டரி, ஒரு வருட வாரண்டி, ஒரிஜினல் விண்டோஸ், பல மாடல்களில் எம்.எஸ். ஆஃபீஸ் எல்லாம் சேர்ந்தே வரும். இது சின்ன லாபம் இல்லை.

பழசு பற்றி. கம்பெனிகள் கழித்துவிட்ட திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 போன்றவை கிடைத்தால் தைரியமாகப் பாருங்கள். மூன்றுமே 2018 வாக்கில் வந்தவை, கீபோர்டும் ஹிஞ்சும் புது பட்ஜெட் மாடலைவிட எவ்வளவோ உறுதி, ரேமும் எஸ்.எஸ்.டி.யும் மாற்றலாம். ஒரே கண்டிப்பு, இன்டெல் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக அங்கிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 6, 7-ஆம் தலைமுறை மெஷினில் எப்படியோ 11-ஐ ஏற்றி விற்பார்கள், விலை குறைவு என்று மயங்காதீர்கள்.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குவதானால் கடையிலேயே நின்று சில விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் செட்டிங்ஸ் திரை) பாஸ்வேர்டு கேட்காமல் போக முடிகிறதா, விண்டோஸை ரீசெட் செய்தால் ஏதாவது பழைய கம்பெனியின் பெயரில் லாகின் கேட்கிறதா, பேட்டரி ரிப்போர்ட்டில் டிசைன் கெப்பாசிட்டிக்கும் (புதிதில் இருந்த அளவு) ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டிக்கும் (இப்போது பிடிக்கும் அளவு) எவ்வளவு வித்தியாசம் என்று. பாதிக்குக் கீழே இறங்கியிருந்தால் புது பேட்டரி போட்டுத் தரச் சொல்லி விலை பேசுங்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், ஐ3-1215யூ, 8 ஜி.பி., ஃபுல் எச்.டி. ஐ.பி.எஸ். மூன்றும் 35,000-க்குள் அமைந்தால் புதுசு வாங்குவேன். அமையவில்லை, 30,000-ஐத் தாண்ட முடியாது என்றால் 16 ஜி.பி. ரேம் உள்ள 8-ஆம் தலைமுறை பழசுக்குப் போவேன். பக்கத்தில் நம்பிக்கையான கடை இல்லாத ஊர் என்றால் மட்டும், வாரண்டிக்காக என்100 போட்ட புது மாடல்.

தங்கை தமிழ்நாட்டில் அரசுக் கல்லூரியில் சேர்கிறார் என்றால் பணத்தை எடுக்கும் முன் கல்லூரி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப் அல்லது டேப்லெட் கொடுப்பதாக 2025-26 மாநில பட்ஜெட்டில் அறிவித்தார்கள். முதல் வருடத்திலேயே கைக்கு வருமா என்பது அங்கே கேட்டால்தான் தெரியும். வரும் என்று சொன்னால் இந்த 30,000-ஐ அப்படியே வைத்திருங்கள். சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. ஃபவுண்டேஷன் பதிவு செய்ய அவருக்கு உதவும்.