தேதி தாண்டிடுச்சு, தூக்கிப் போடவா? கடலூர் பாண்டி வீடுகள்ல இருந்து வந்த கேள்விகள்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதி பாக்கெட்ல போட்டிருக்கற தேதியப் பத்திதான். தேதி ஒரு நாள் தாண்டினா நல்ல பொருளையும் குப்பையில போடறோம், தேதியே இல்லாத சோறையும் மீனையும் மட்டும் யோசிக்காம வெளியவே வச்சிடறோம், எனக்கு இந்த ரெண்டுமே கவலையா இருக்கு. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல வெளியிட்ட அறிக்கைப்படி நம்ம நாட்டு வீடுகள்ல தலைக்கு வருஷத்துக்கு சுமார் 55 கிலோ உணவு வீணாப் போகுது. நாலு பேர் இருக்கற வீடுன்னா 220 கிலோ, காசு போட்டு வாங்கினது.

கேள்வி (முத்தியால்பேட்டை): சாம்பார் பொடி பாக்கெட்ல பெஸ்ட் பிஃபோர் தேதி முடிஞ்சு பத்து நாள் ஆச்சு, இன்னும் பிரிக்கவே இல்ல. மாமியார் போட்டுடலாம்கறாங்க, எனக்கு மனசு வரல.

போடாதீங்கம்மா, ஆனா முதல்ல பாக்கெட்டை இன்னொரு தரம் திருப்பிப் பாருங்க. பெஸ்ட் பிஃபோர்னா அந்த தேதி வரைக்கும் வாசனை, ருசி, நிறம் எல்லாம் கம்பெனி சொன்ன மாதிரியே இருக்கும்னு அர்த்தம், அதுக்கப்புறம் கொஞ்சம் மணம் குறையலாம், அவ்ளோதான். எக்ஸ்பயரி இல்லன்னா யூஸ் பைன்னு போட்டிருந்தா அது வேற விஷயம், அந்த தேதிக்கு மேல சாப்பிடக் கூடாது, கடையில விக்கவும் கூடாது. நம்ம நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2020ல கொண்டு வந்த லேபிள் விதிப்படி தயாரிச்ச தேதியும் எக்ஸ்பயரியும் கட்டாயம், பெஸ்ட் பிஃபோர் கம்பெனி விருப்பப்பட்டா கூட சேத்துப் போடலாம். அதனால ஒரே பாக்கெட்ல ரெண்டும் இருக்கலாம், உங்க பாக்கெட்லயும் எக்ஸ்பயரி வேற எங்கயாவது ஓரத்துல பொடி எழுத்துல இருக்கும், ஒட்டின மடிப்புக்குள்ள கூட அடிச்சிருப்பாங்க. அது இன்னும் வரலைன்னா பிரிச்சு மோந்து பாருங்க, கட்டி தட்டல, வண்டு இல்ல, சிக்கு வாடை இல்லன்னா தாராளமா குழம்புல போடுங்க, வழக்கத்தவிட அரை ஸ்பூன் கூட போட்டா மணம் சரியாயிடும்.

மூணு மாசத்துக்கு மேல தாங்கற பொருளுக்கு மாசமும் வருஷமும் மட்டும் போட்டாலே போதும்னு விதியில இருக்கு, அதனால நாள் இல்லையேன்னு சந்தேகப்பட வேணாம். குழந்தைகளுக்குக் குடுக்கற பால் பவுடர், டப்பா உணவு இதுல மட்டும் மோந்து பாக்கற வேலையே வேணாம், தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான்.

கேள்வி (நெல்லிக்குப்பம்): பால் பாக்கெட்ல இன்னிக்கு தேதி போட்டிருக்கு. நைட்டு ஆயிடுச்சு, ரெண்டு பாக்கெட் மிச்சம் இருக்கு. நாளைக்கு காய்ச்சலாமா?

நாளைக்கு வேணாம், இப்பவே காய்ச்சுங்க. காய்ச்சி ஆறினதும் ஒரு பாக்கெட் பாலை உறை ஊத்திடுங்க, காலைல தயிர். இன்னொண்ணை மூடி ஃப்ரிட்ஜ்ல வச்சு நாளைக்குள்ள காபிக்கு முடிச்சிடுங்க. பாண்லேயோ ஆவினோ எதுவா இருந்தாலும் பாக்கெட் பால்ல போடற தேதி குளிர்ச்சியா வச்சிருந்தா மட்டும்தான் செல்லும், விடிகாலைல வாசல்ல பையில தொங்கவிட்டுட்டுப் போறாங்க, நீங்க எட்டு மணிக்கு எந்திரிச்சு எடுக்கறீங்கன்னா அந்தத் தேதிய நம்பாதீங்க. ஃப்ரிட்ஜ் கதவுல பால் வைக்கறதும் சரியில்ல, தெறக்க மூட சூடு மொதல்ல அங்கதான் ஏறும், உள்ள தள்ளி வைங்க.

ஆறு மாசம் தாங்கும்னு அட்டைப் பெட்டியில வர்ற பாலுக்கும் இதே கதைதான், பிரிக்காத வரைக்கும்தான் அந்த ஆறு மாசம், வெட்டினப்புறம் சாதா பால் மாதிரி ஃப்ரிட்ஜ்ல வச்சு ரெண்டு நாள்ல முடிக்கணும்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): மதியம் வடிச்ச சோறு மிச்சமானா நைட்டு வரைக்கும் அப்படியே மூடி வச்சு, அப்புறம் ஃப்ரிட்ஜ்ல வைப்போம். மறுநாள் தாளிச்சு லெமன் சாதம். இதுல தப்பு இருக்கா? அப்ப பழைய சோறு மட்டும் எப்படி நல்லது?

இதைக் கேட்டதுக்கு உங்களுக்கு நன்றி சொல்லணும், யாரும் கேக்காத கேள்வி. அரிசியில பேசில்லஸ் செரியஸ்னு ஒரு பாக்டீரியா இருக்கும், அதோட விதை மாதிரி ஒரு நிலை இருக்கு, ஸ்போர்னு சொல்வாங்க, சோறு கொதிச்சாலும் அது சாகாது. சோறு வெதுவெதுன்னு மணிக்கணக்கா இருந்தா அது முளைச்சு பெருகி ஒரு நஞ்சை விட்டுடும், வாந்தி எடுக்க வைக்கற நஞ்சு அது, சூட்டுக்கு அசையவே அசையாது. அதாவது மறுநாள் நீங்க எவ்ளோ நல்லா தாளிச்சு சூடு பண்ணினாலும் நேத்து உருவான நஞ்சு அப்படியே இருக்கும். மதியம் ஒரு மணிக்கு வடிச்சது நைட்டு ஒம்பது வரைக்கும் மூடின பாத்திரத்துல இருந்துச்சுன்னா எட்டு மணி நேரம் ஆச்சு, அதுக்கப்புறம் ஃப்ரிட்ஜ்ல வச்சு பிரயோஜனம் இல்ல.

சாப்பிட்டு முடிச்ச கையோட மிச்ச சோத்தை ஒரு அகலமான தட்டுல, தாம்பாளத்துல பரத்தி ஃபேனுக்கு கீழ வைங்க, அரை மணி ஒரு மணி நேரத்துல ஆறிடும், டப்பால போட்டு உள்ள வச்சிடுங்க. மறுநாளுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடணும். பொதுவா சமைச்ச எதுவா இருந்தாலும் 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவுல ரெண்டு மணி நேரத்துக்கு மேல விடாதீங்க, கத்திரி வெயில் காலத்துல ஒரு மணி நேரம்தான். சூடா ஃப்ரிட்ஜ்ல வச்சா ஃப்ரிட்ஜ் கெட்டுடும்னு ராத்திரி வரைக்கும் வெளிய விடறவங்க நிறைய பேர், முழுசா ஜில்லுன்னு ஆகணும்னு இல்ல, ஆவி அடங்கி கை பொறுக்கற சூடு வந்தா போதும், சின்னச் சின்ன டப்பாவா பிரிச்சு வைங்க.

பழைய சோறு வேற ரகம். அதுல தண்ணி ஊத்தி வைக்கறோம், லாக்டிக் அமில பாக்டீரியா புளிக்க வைக்குது, அந்தப் புளிப்பு மத்த கிருமிகளை அடக்கும். ஆனா அதுக்கும் கெடு இருக்கு, சோறு ஆறினதுமே சுத்தமான தண்ணி ஊத்தணும், காலைல சாப்பிட்டுடணும். எட்டு மணி நேரம் வெளிய கிடந்த சோத்துல நைட்டு தண்ணி ஊத்தினா அது பழைய சோறு ஆயிடாது. கையில எடுத்தா நூல் மாதிரி இழுத்துச்சுன்னாலும் வாடை மாறிச்சுன்னாலும் மனசைக் கல்லாக்கிட்டு கொட்டிடுங்க.

கேள்வி (லாஸ்பேட்டை): கடையில வாங்கற இட்லி மாவு பாக்கெட்ல தேதி முடிஞ்சா?

புளிச்சா மட்டும்னா தோசையாவோ ஊத்தப்பமாவோ ஊத்திடலாம், ஆனா யூஸ் பை தேதி தாண்டினத எடுக்காதீங்க. தேதிக்கு முன்னாடியே ரோஸ் இல்ல ஆரஞ்சு நிறத்துல திட்டு தெரிஞ்சா மேலாப்ல வழிச்சு எடுத்துட்டு ஊத்தற வேலை வேணாம், மொத்தமா கொட்டிடுங்க. பாக்கெட்ல தேதியோ 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பரோ இல்லாத மாவை வாங்கறதையே விட்டுடலாம்.

கேள்வி (கடலூர் முதுநகர்): கானாங்கெளுத்தி குழம்பு சாப்பிட்டு என் பையனுக்கு மூஞ்சியெல்லாம் சிவந்து அரிப்பு வந்துருச்சு. எனக்கும் லேசா இருந்துச்சு. மீன் அலர்ஜின்னு சொல்றாங்க. அவன் சின்ன வயசுல இருந்து மீன் சாப்பிடறவன் சார்.

ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல வந்துச்சுன்னா அலர்ஜிய விட ஹிஸ்டமின்மேலதான் எனக்கு சந்தேகம். கானாங்கெளுத்தி, மத்தி, சூரை இந்த வகை மீன்கள பிடிச்ச உடனே ஐஸ்ல போடாம வெயில்ல விட்டா, பாக்டீரியா அதோட சதையில ஹிஸ்டமின்ங்கற பொருளை உண்டாக்கிடும். ஒரு தடவை உருவாயிட்டா வறுத்தாலும் கொதிக்க வச்சாலும் ஃப்ரீசர்ல போட்டாலும் போகாது, பாக்கறதுக்கு மீன் நல்லாவே இருக்கும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்துலயே மூஞ்சி சிவக்கும், அரிக்கும், தலைவலி வரும், சிலருக்கு நாக்குல மிளகு கடிச்ச மாதிரி எரியும். பெரும்பாலும் சில மணி நேரத்துல அடங்கிடும், மூச்சு வாங்கினாலோ உதடு நாக்கு வீங்கினாலோ உடனே ஆஸ்பத்திரி போயிடணும். அலர்ஜி இல்லன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க, டாக்டர்கிட்ட ரெண்டு பேருக்கும் வந்துச்சுங்கறத மறக்காம சொல்லுங்க.

நீங்க துறைமுகத்துக்கு பக்கத்துல இருக்கறவங்க, மீன் பாக்க உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்ல, இருந்தாலும் சொல்றேன். செவுளைத் தூக்கிப் பாத்தா ரத்தச் சிவப்பா இருக்கணும், பழுப்பாவோ சாம்பலாவோ இருக்கக் கூடாது. கண்ணு முட்டிக்கிட்டு பளிச்னு இருக்கணும், விரலால அமுக்கினா பள்ளம் நிக்கக் கூடாது. இதெல்லாம் சரியா இருந்தும் கூடையில ஐஸே இல்லாம பத்து மணி வெயில்ல கிடந்துச்சுன்னா கானாங்கெளுத்தி மத்தி மட்டும் வாங்காதீங்க. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் 61 நாள், அப்போ வெளியூர் மீன் நிறைய வரும், இன்னும் கவனமா பாருங்க. வாங்கினதும் நேரா வீட்டுக்கு வாங்க, வர்ற வழியில நாலு கடை ஏறி இறங்காதீங்க.

நேத்து வச்ச மீன் குழம்புதான் ருசின்னு எனக்கும் தெரியும், அதை விடச் சொல்லல. சட்டியோட அடுப்பு மேலயே ராவெல்லாம் வைக்காம, ஆறினதும் டப்பால மாத்தி ஃப்ரிட்ஜ்ல வைங்க, காலைல வேணுங்கற அளவு மட்டும் எடுத்து நல்லா தளதளன்னு கொதிக்க விட்டு சாப்பிடுங்க. புளி இருக்கறதால குழம்பு கெடாதுன்னு நினைக்காதீங்க, புளிப்பு கெடறத கொஞ்சம் தள்ளிப் போடும், நிறுத்தாது.

கேள்வி (அரியாங்குப்பம்): ஃபெஞ்சல் புயல் அப்ப கரண்ட் இல்லாம ஃப்ரிட்ஜ்ல இருந்த எல்லாத்தையும் கொட்டிட்டோம். எதை வச்சிருக்கலாம்?

தானே புயலையும் பாத்த ஊரு நம்மளது, இது மறுபடியும் வரும், அதனால குறிச்சு வச்சுக்குங்க. கதவைத் தெறக்காம விட்டா ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சியா இருக்கும். ஃப்ரீசர் நிறைய பொருள் இருந்தா 48 மணி நேரம், பாதிதான் இருந்தா 24 மணி நேரம். அதனால புயல் வருதுன்னு சொன்னதும் பாட்டில்ல முக்காவாசி தண்ணி ஊத்தி ஃப்ரீசர்ல காலியா இருக்கற இடத்தை நிரப்பிடுங்க. அதோட ஒரு டம்ளர் தண்ணிய ஐஸாக்கி அதுமேல ஒரு ரூபா காசை வைங்க. வீட்டை விட்டு முகாமுக்கோ சொந்தக்காரங்க வீட்டுக்கோ போய்ட்டு வந்து பாக்கறப்போ காசு மேலயே இருந்தா ஃப்ரீசர் உருகல, அடியில கிடந்தா உருகி மறுபடி உறைஞ்சிருக்கு, உள்ள இருக்கற மீன் கறிய எடுத்துக் கொட்டிடுங்க. நடுவுல கரண்ட் வந்தப்போ ஐஸ் கட்டி இன்னும் தெரியற மீனை மறுபடி உறைய வைக்கலாம், ருசி கொஞ்சம் போகும்.

4 மணி நேரம் தாண்டினா ஃப்ரீசர்ல இல்லாம ஃப்ரிட்ஜ்ல இருந்த சமைச்சது, பால், கறி, மீன் வேணாம். ஊறுகா, ஜாம், வெண்ணெய், முழு காய், பழம் எல்லாம் இருக்கலாம், இதையெல்லாம் பயந்து கொட்டியிருப்பீங்க. வெள்ளத் தண்ணி பட்ட பாக்கெட் மட்டும் பிரிக்காததா இருந்தாலும் வேணாம், 2024 டிசம்பர்ல தென்பெண்ணை தண்ணி வீட்டுக்குள்ள வந்தவங்களுக்கு அந்தத் தண்ணியில என்னென்ன கலந்திருந்துச்சுன்னு தெரியும்.

கேள்வி (விருத்தாசலம்): வேர்க்கடலை மூட்டையில கொஞ்சம் பூஞ்சை. பொறுக்கி எடுத்துட்டு வறுத்துக்கலாமா? ரொட்டியில ஒரு ஓரத்துல மட்டும் இருந்தா?

கடலையில வேணவே வேணாம். அஃப்ளடாக்சின்னு ஒரு நஞ்சு, ஈரலைக் கெடுக்கும், புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும், வறுத்தாலும் முழுசா அழியாது. பூஞ்சை கண்ணுக்குத் தெரியாத மூட்டையிலயும் சுருங்கினது, நிறம் மாறினது, கசக்கறது எல்லாத்தையும் ஒதுக்குங்க, வாயில போட்டு கசந்தா துப்பிடுங்க. பூஞ்சை பரவலா இருந்தா மாட்டுக்கும் போடாதீங்க, பால்ல வந்து சேரும். நல்லா வெயில்ல காய வச்சு, தரையில ஈரம் ஏறாம பலகை மேல மூட்டை அடுக்கினா இந்தப் பிரச்சனையே வராது. ரொட்டியும் பாக்கெட்டோட போகட்டும், கண்ணுக்குத் தெரியற பச்சைக்கு கீழ வேர் உள்ள ஓடியிருக்கும்.

கேள்வி (பாண்டி, நேரு வீதி): ஆன்லைன்ல வாங்கினா ஒரு வாரத்துல எக்ஸ்பயரி ஆகற பொருளா வருது. ஸ்வீட் கடையில தேதியே கிடையாது. யார்கிட்ட கேக்கறது?

ஆன்லைன்ல டெலிவரி ஆகறப்போ ஆயுள்ல 30 சதவீதமோ இல்ல 45 நாளோ மிச்சம் இருக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ 2024 நவம்பர்ல அந்தக் கம்பெனிகளுக்கு சொல்லியிருக்கு, அதைச் சொல்லி திருப்பி அனுப்புங்க. உதிரியா விக்கற ஸ்வீட்டுக்கும் 2020 அக்டோபர் 1ல இருந்து தட்டுக்கு முன்னாடி பெஸ்ட் பிஃபோர் தேதி எழுதி வைக்கணும். இல்லன்னா கேளுங்க, கூச்சப்படாதீங்க. தேதிய அழிச்சு ஸ்டிக்கர் ஒட்டி விக்கறாங்கன்னா பில்லோட ஃபோட்டோ எடுத்து 1800112100க்கு கூப்பிடுங்க, கடலூர்னா மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகம், பாண்டின்னா அங்க தனியா உணவுப் பாதுகாப்புத் துறை இருக்கு.

கேள்வி (மஞ்சக்குப்பம்): உழவர் சந்தையில மலிவா இருக்குன்னு வாங்கிடறேன், வெள்ளிக்கிழமைக்குள்ள பாதி அழுகிடுது.

வாங்கிட்டு வந்ததும் எல்லாத்தையும் கழுவி அப்படியே ஃப்ரிட்ஜ்ல அடுக்கறீங்கன்னு நினைக்கறேன், அந்த ஈரம்தான் அழுக வைக்குது. கீரை, கொத்தமல்லி வேரை நறுக்கிட்டு பேப்பர்ல சுத்தி வைங்க, சமைக்கறப்போ கழுவிக்கலாம். வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில போடாதீங்க, ஒண்ணு இன்னொண்ணைக் கெடுக்கும். வாழைப்பழத்துல இருந்து வர்ற எத்திலின் வாயு பக்கத்துல இருக்கற தக்காளியப் பழுக்க வச்சு குழைய விட்டுடும், தள்ளி மாட்டுங்க. தேங்காய் உடைச்சா கண்ணு இருக்கற மூடிய முதல்ல துருவுங்க, அதுதான் சீக்கிரம் கெடும், இன்னொரு மூடிய ஃப்ரிட்ஜ்ல வைங்க.

பண்ருட்டி பலா சீசன்ல ஒரு பழம் வாங்கினா தின்னு மாளாது. சுளைய கொட்டை எடுத்து டப்பால போட்டு ஃப்ரீசர்ல வச்சா மாசக்கணக்குல பாயசத்துக்கு ஆகும். கொட்டைய தூக்கிப் போடறவங்களப் பாத்தாதான் எனக்கு வயிறு எரியும், பிசுபிசுப்பு போக கழுவி ரெண்டு நாள் நிழல்ல உலர்த்தி வச்சா கத்திரிக்காயோட காரக்குழம்பு வைக்கலாம், முருங்கைக்கீரை பொரியல்ல நறுக்கிப் போடலாம். காய் வாங்கப் போறதுக்கு முன்னாடி கீழ் தட்டைத் தெறந்து ஃபோன்ல ஒரு ஃபோட்டோ எடுத்துக்கிட்டுப் போங்க, வீட்ல ரெண்டு கோஸ் இருக்கறது அங்க ஞாபகம் வராது.