கேபிளைக் கழற்றினாலும் கிட்டார் பேட்டரி தீர்கிறதா? முதலில் ஜாக்கைப் பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் அக்கூஸ்டிக் எலெக்ட்ரிக் கிட்டாரில் போடும் 9 வோல்ட் பேட்டரி பத்தே நாளில் தீர்ந்துவிடுகிறது. வாசித்து முடித்ததும் கேபிளைக் கழற்றித்தான் வைக்கிறேன். மூன்று பேட்டரி மாற்றியாகிவிட்டது. ப்ரீஆம்ப் போய்விட்டது, புதிதாகப் போட வேண்டும் என்கிறார்கள். உண்மைதானா?"

அவசரப்பட்டு ப்ரீஆம்பை, அதாவது கிட்டாருக்குள் இருந்து ஒலி சிக்னலை வலுப்படுத்தி அனுப்பும் சுற்றை, மாற்றாதீர்கள். நீங்கள் சொன்ன அந்தப் பத்து நாள் கணக்கிலேயே பாதி பதில் இருக்கிறது. நல்ல அல்கலைன் 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லியாம்ப் மணி. பத்து நாள் என்றால் 240 மணி நேரம், வகுத்தால் 2 மில்லியாம்ப் சொச்சம் வருகிறது. கிட்டார் ப்ரீஆம்ப்கள் பலவும் வேலை செய்யும்போது இழுப்பது ஏறத்தாழ 1 முதல் 5 மில்லியாம்ப் வரைதான். ஆக, உங்கள் ப்ரீஆம்ப் நன்றாகவே இருக்கிறது, ராத்திரி பகல் அணையாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நேரடி ஷார்ட் ஏதாவது இருந்திருந்தால் பேட்டரி பத்து நாள் தாங்காது, சில மணி நேரத்திலேயே சூடாகி ஓய்ந்திருக்கும்.

அதை அணைக்கும் ஸ்விட்ச் எது என்றால், கேபிள் சொருகும் அந்த ஜாக்தான். வெளியிலிருந்து பார்க்க சாதாரண ஜாக் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது ஸ்டீரியோ ஜாக், அதில் டிப், ரிங், ஸ்லீவ் என்று மூன்று முனைகள். ஒலி டிப்பில் போகிறது, ஸ்லீவ் கிரவுண்ட். பேட்டரியின் கருப்பு வயர் நேராக கிரவுண்டுக்குப் போகாமல் ரிங்கில் வந்து நிற்கிறது. நாம் சொருகும் கேபிளோ மோனோ, அதன் பிளக்கில் நுனியைத் தவிர மற்றதெல்லாம் ஒரே உலோகத் தண்டு என்பதால் உள்ளே போனதும் ரிங்கையும் ஸ்லீவையும் சேர்த்துவிடுகிறது, சுற்று முழுமையாகி ப்ரீஆம்ப் எழுந்துகொள்கிறது. பிளக்கை உருவினால் தூங்கிவிட வேண்டும். உங்கள் கிட்டாரில் தூங்கவில்லை.

கருவியைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு விஷயங்களை யோசித்துப் பாருங்கள். வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டர் பயன்படுத்துகிறீர்களா? அதை ஆஃப் செய்துவிட்டு ஜாக்கிலேயே விட்டுவைத்தால், டிரான்ஸ்மிட்டர்தான் அணைந்திருக்கும், பிளக் உள்ளே இருப்பதால் ப்ரீஆம்ப் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இப்படிப் பேட்டரியை இழப்பவர்கள் நிறையப் பேர். அப்புறம், உங்கள் ப்ரீஆம்பில் ட்யூனர் உண்டென்றால், சில மாடல்களில் அது கேபிள் இல்லாமலே தனியாக இயங்கும். டிஸ்ப்ளே விளக்கு எரிய ப்ரீஆம்பைவிட அதிக கரண்ட் வேண்டும்.

இரண்டும் இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள், ஐந்து நிமிட வேலை. பேட்டரி கிளிப்பை முழுவதும் கழற்றாமல் ஒரு முனை மட்டும் மாட்டியபடி இருக்க, கிளிப்பைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள், பேட்டரியின் இன்னொரு முனையும் கிளிப்பின் இன்னொரு முனையும் தனித்தனியே வெளியே தெரியும். மீட்டரின் சிவப்பு வயரை மில்லியாம்ப் துளைக்கு மாற்றி, 20 மில்லியாம்ப் அளவில் வைத்து, ஒரு நுனியைப் பேட்டரியின் அந்த முனையிலும் மறு நுனியைக் கிளிப்பின் அந்த முனையிலும் தொட வையுங்கள். தொட்டவுடன் எண் ஒரு நொடி எகிறும், கெப்பாசிட்டர்கள் நிரம்புகின்றன, நிலைக்கு வரும்வரை பொறுங்கள். ஒரே எச்சரிக்கை: மீட்டர் இந்த நிலையில் இருக்கும்போது அதன் இரண்டு நுனிகளையும் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் நேராகத் தொட வைத்துவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஜாக்கில் எதுவும் சொருகாதபோது மீட்டர் பூஜ்யம் காட்ட வேண்டும். இப்போது கேபிளைச் சொருகிப் பாருங்கள். முன்பும் 2, இப்போதும் 2 என்று ஒரே எண் வந்தால் ரிங்கும் ஸ்லீவும் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று உறுதி. கேபிள் இல்லாமல் சிறிய எண்ணும், கேபிளோடு பெரிய எண்ணும் வந்தால் ட்யூனர் பக்கமோ வேறு கசிவோ காரணமாக இருக்கலாம். ஜாக்கை விரலால் மெல்ல ஆட்டும்போது எண் குதித்தால் குற்றவாளி கையில் சிக்கிவிட்டது.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, தந்திகளைத் தளர்த்தி, ஒலித்துளை வழியாக போன் கேமராவை விளக்கோடு உள்ளே விட்டுப் பாருங்கள். ஸ்ட்ராப் மாட்டும் இடத்திலேயே இருக்கும் ஜாக் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது அதன் நட்டைத்தான். நட் தளர்ந்ததும் எல்லோரும் வெளியிலிருந்து இறுக்கத்தான் பார்ப்போம், ஆனால் நட்டோடு சேர்ந்து ஜாக்கே உள்ளே சுற்றும், வயர்கள் முறுக்கிக்கொள்ளும், சால்டர் வைத்த இடத்தில் இழைகள் பிரிந்து பக்கத்து முனையைத் தொடும். ஒரு முடி கனத்துக்கு இழை போதும். என் கிட்டார் ஒன்றில் தந்தி மாற்றும்போது வெட்டி விழுந்த துண்டு ஒன்று சரியாக அந்த இரண்டு முனைகளுக்கும் நடுவே போய்ப் படுத்திருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது. ஜாக்கின் உள்தகடு வளைந்து ஒட்டியிருந்தாலும், கருப்பு வயரின் உறை உரிந்து ஷீல்டை (கிரவுண்டோடு சேர்ந்த உலோக உறையை) தொட்டாலும் இதே விளைவுதான்.

இழை பிரிந்திருந்தால் புதிதாக சால்டர் வைத்து உறைக் குழாய் போட்டால் தீர்ந்தது. தகடு போயிருந்தால் ஜாக்கையே மாற்றுங்கள், ஸ்டீரியோ ஜாக் என்று கேட்டு வாங்குங்கள். ஏற்கனவே யாராவது மோனோ ஜாக் போட்டு, கருப்பு வயரை கிரவுண்டோடு சேர்த்துவிட்டிருந்தால் அதுவேகூடக் காரணமாக இருக்கலாம், அதையும் பார்த்துவிடுங்கள். நட்டை இறுக்கும்போது ஜாக்கின் உடம்பில் இருக்கும் சிறு துளையில் மெல்லிய கம்பி ஒன்றை நுழைத்துப் பிடித்துக்கொண்டால் உள்ளே சுற்றாது.

வேலை முடிந்ததும் மறுபடி அதே அளவை எடுங்கள், பூஜ்யம் வந்தபிறகுதான் புதுப் பேட்டரி போட வேண்டும். அதுவரை வாசித்து முடித்ததும் கிளிப்பைக் கழற்றி வையுங்கள்.