பதில்: அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை, குழாய் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

வணக்கம் சகோதரி. மேல்மாடி ஆன்ட்டிக்குப் பித்தப்பை அறுவையின்போது, உள்ளே தேங்கும் நீரை வெளியேற்ற வயிற்றில் குழாய் வைத்தார்கள், அம்மாவுக்கு வைக்கப்போவதில்லை என்கிறார்களே, கவனக்குறைவோ என்று கேட்டிருந்தீர்கள். கவனக்குறைவு இல்லை. தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள்.

பித்தக்கல்லுக்காகத் திட்டமிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி (சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை) சிக்கலின்றி முடிந்தால் குழாய் தேவையில்லை. பித்தப்பை இருந்த இடத்தில் ஊறும் கொஞ்சம் நீரை உடம்பே உறிஞ்சிக்கொள்ளும். முன்னெச்சரிக்கையாக எல்லாருக்கும் குழாய் வைப்பதால் நன்மை இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. வலி கூடுகிறது, வீடு திரும்பத் தாமதமாகலாம். அவசரமாக, வீங்கிய பித்தப்பையை எடுக்கும்போதுகூட எல்லாருக்கும் வழக்கமாகக் குழாய் வைக்கத் தேவையில்லை.

இன்னொன்று, இதைத்தான் பலர் கவனிப்பதில்லை: குழாய் பித்தக் கசிவைத் தடுக்காது. கசிந்தால் வெளியே காட்டும், அவ்வளவே. குழாய் அடைத்துக்கொண்டால் அதன் முனையில் மாட்டிய பை காலியாகவே இருக்கும், உள்ளே கசிவு நடந்துகொண்டிருக்கும்.

அந்த ஆன்ட்டிக்குப் பித்தப்பை அழுகியிருக்கலாம், முழுதாக எடுக்க முடியாமல் போயிருக்கலாம், ரத்தக்கசிவோ பித்தக்கசிவோ சந்தேகப்பட்டிருக்கலாம். அப்படிப்பட்ட நிலையில் வைப்பது சரியே. அதை அறுவை மேசையில் பார்த்துத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.

வீட்டுக்கு வந்தபின் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, வயிறு உப்புதல், நிற்காத வாந்தி, கண் மஞ்சளாதல், இதில் எது வந்தாலும் பலதுறை மருந்தகத்தில் வரிசையில் நிற்காமல் நேரே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். நிலைமை மோசமென்றால் 995 (சிங்கப்பூரில் ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள். கிளம்பும் முன் இரவில் அழைக்கவேண்டிய எண்ணைத் தாதியிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.