மச்சான் நீட்டிய தாள்

கேள்வி: நிலாவெளியில் உள்ள ஒரு ஹோட்டலில் ஏழு வருடங்கள் நிரந்தர ஊழியராக வேலை செய்தேன். அடிப்படைச் சம்பளம் 60,000 ரூபாய். ஏறக்குறைய நாற்பது பேர் அங்கே வேலை செய்கிறார்கள். கடந்த ஒக்டோபர் இறுதியில், சீசன் முடிந்துவிட்டது என்று கூறி என்னை நிறுத்திவிட்டார்கள். முகாமையாளர் என் மனைவியின் அண்ணன் என்பதால், அவர் தந்த ஆங்கிலத் தாளில் வாசிக்காமலே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். ஏப்ரலில் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறேன். கனடாவில் உள்ள என் சித்தப்பா மகன் வேலை போனதும் அரசாங்கத்திடம் பணம் எடுத்தான். இங்கே அதற்கு எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?
— வாசகர், வயது 38, உப்புவெளி (பெப்ரவரி)

பதில்: தம்பி, வேலை இழந்தவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் திட்டம் எதுவும் இலங்கையில் இல்லை. உங்கள் சித்தப்பா மகன் பெற்றது, வேலை செய்த காலத்தில் அவருடைய சம்பளத்தில் கழிக்கப்பட்ட காப்புறுதிப் பணம். இங்கே உள்ள அஸ்வெசும என்ற அரச உதவிப் பணம், குடும்பத்தின் வறுமையை அளந்து கொடுக்கப்படுவது; வேலை போனதற்காகக் கிடைப்பதன்று. ஆகவே அந்தக் கேள்வியை இத்துடன் விட்டுவிடுங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, போகிற போக்கில் எழுதிய ஒரு வரிக்குள் கிடக்கிறது. என்ன எழுதியிருந்தது அந்தத் தாளில்? பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒரு நிரந்தர ஊழியரை நிறுத்துவதானால், அவருடைய எழுத்து மூலமான சம்மதத்தையோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதியையோ பெற வேண்டும் என்று 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. நீங்கள் வாசிக்காமல் கையெழுத்து வைத்தது அந்தச் சம்மதமாக இருக்கலாம். நீங்களாகவே விலகுவதாக எழுதிய கடிதமாக இருக்கலாம். எல்லாக் கொடுப்பனவையும் பெற்றுக்கொண்டதாக எழுதிய பற்றுச்சீட்டாகவும் இருக்கலாம். இந்த மூன்றில் எது என்று தெரியாமல் மாதக்கணக்கில் வீட்டில் இருந்திருக்கிறீர்கள் என்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

மச்சான் என்ற முறைக்காகக் கையெழுத்து வைத்தீர்கள். அந்த முறையை முதலில் மதித்திருக்க வேண்டியவர் அவர். தங்கையின் புருஷனிடம் தாளை நீட்டும்போது அதில் உள்ளதைத் தமிழில் சொல்வது அவருடைய கடமை. அவர் அதைச் செய்யவில்லை. உறவு கெடக்கூடாது என்று நீங்களும் கேட்கவில்லை. பிறகு மனைவியிடம் ஏப்ரல் என்று ஒரு பொய்யைச் சொல்லி, அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் நீங்களே ஒரு திரையைக் கட்டிவிட்டீர்கள். மனைவியிடம் மறைத்துக் காப்பாற்றும் உறவை நான் உறவாகக் கொள்வதில்லை. அந்தச் சம்பளத்தில் அடுப்பெரித்தவர் அவர். இன்றிரவே அவரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அண்ணனிடம் அவர் கேட்கும் ஒரு கேள்விக்கு, நீங்கள் கேட்கும் பத்துக் கேள்விகளுக்கு இல்லாத வலிமை உண்டு.

ஏப்ரல் என்று நீங்கள் சொன்னதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. வேலைநீக்கத்தை எதிர்த்துத் தொழில் நியாய சபைக்குப் போவதானால் ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒக்டோபர் இறுதியில் நின்றவருக்கு அந்தத் தவணை ஏப்ரல் இறுதியில் முடிகிறது. கடலோர ஹோட்டல்கள் மீண்டும் ஆட்களைத் தேடும் காலமும் அதுதான். அழைப்பு வரும் வரும் என்று காத்திருந்து, வராது என்று தெரியும் நாளில் வழக்கிடும் உரிமையும் போய்விடும். தாள் விலகல் கடிதமாகவே இருந்தாலும், விளங்காத மொழியில், உறவின் பெயரால் வாங்கப்பட்ட கையெழுத்து என்பதை நீங்கள் அங்கே எடுத்துச் சொல்லலாம். வெல்வீர்கள் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.

ஆனால் பணிக்கொடை வேறு விஷயம். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஐந்து வருடங்களுக்குக் குறையாமல் வேலை செய்தவர் தானாக விலகினாலும் அது அவருக்கு உரியது. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம். உங்கள் கணக்கில் 30,000 வீதம் ஏழு வருடங்களுக்கு 210,000 ரூபாய். வேலை முடிந்து முப்பது நாட்களுக்குள் அது கைக்கு வந்திருக்க வேண்டும். இதைப் பற்றி ஒரு சொல்லும் உங்கள் கடிதத்தில் இல்லை. கனடாப் பணத்தைப் பற்றிக் கேட்கத் தெரிந்த உங்களுக்கு, பிள்ளைகளின் இந்தப் பணத்தைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை.

முதலாளி உங்கள் பெயரில் கட்டியிருக்க வேண்டிய மூன்று வீத ஊழியர் நம்பிக்கை நிதியையும் வேலை விட்டவர் என்ற முறையில் எடுக்கலாம். ஐந்து வருடங்களுக்கு ஒருமுறைதான் அப்படி எடுக்க முடியும். நீங்களும் முதலாளியும் சேர்த்துக் கட்டும் ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் சாதாரணமாக 55 வயதில்தான் பெறலாம் என்பதால் அதை எண்ணிக் கடன் வாங்காதீர்கள். ஆனால் உங்கள் எட்டு வீதமும் முதலாளியின் பன்னிரண்டு வீதமும் ஒழுங்காகக் கட்டப்பட்டதா என்பதை இப்போதே பாருங்கள்.

இந்த வாரமே, கையெழுத்து வைத்த தாளின் பிரதியையும் பணிக்கொடையையும் கேட்டுத் தமிழில் ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். மச்சானின் பெயருக்கு எழுதாமல் நிறுவனத்தின் பெயருக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தின் பிரதி, தபால் பற்றுச்சீட்டு, சம்பளச் சீட்டுகள், அடையாள அட்டை ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, மனைவியையும் அழைத்துக்கொண்டு, திருகோணமலைத் தொழில் அலுவலகத்துக்குப் போங்கள்.