கணினி மாதிரியும் உருவகப்படுத்தலும் ஒன்றா?

ஒன்றல்ல. ஒரு நிகழ்வில் நமக்குத் தேவையானவற்றை மட்டும் வைத்துக்கொண்டு எழுதும் விதி மாதிரி. அவ்விதியைக் காலப்போக்கில் படிப்படியாக இயக்கிப் பார்ப்பது உருவகப்படுத்தல்.

30 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள அறையில் 80 டிகிரிக் காப்பி ஆறுவதாகக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏற்ப ஆறும் வேகம் அமையும் என்ற நியூட்டனின் விதியே நம் மாதிரி. டம்ளர் பித்தளையா எவர்சில்வரா, மின்விசிறி சுழல்கிறதா என்பவையெல்லாம், நிமிடத்துக்கு 0.1 என நாம் எடுத்துக்கொள்ளும் ஒரே மாறிலிக்குள் அடங்கிவிடுகின்றன. முதல் நிமிடத்தில் வேறுபாடு 50. அதில் பத்தில் ஒரு பங்கான 5 டிகிரி குறைந்து காப்பி 75 ஆகும். அடுத்த நிமிடத்தில் 4.5 குறைந்து 70.5. இப்படியே 10 நிமிடம் சென்றால் 47.4 கிடைக்கும், நுண்கணிதம் தரும் துல்லியமான விடையோ 48.4.

மாணவர்கள் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது காலப்படியின், அதாவது ஒரு கணக்கீட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே விடும் நேரத்தின், அளவைத்தான்; மேலே அது 1 நிமிடம். 5 நிமிடப் படியாக எடுத்தால் அதே 10ஆவது நிமிடத்தில் 42.5 என்று வரும். மாதிரி மாறவில்லை, கணக்கிட்ட விதமே மாறியது. ஆகவே படியைப் பாதியாக்கி மீண்டும் ஓட்டி, விடை எவ்வளவு நகர்கிறது என்று முதலில் பாருங்கள். அதன் பிறகே வெப்பமானியைக் காப்பியில் வைத்து, அந்த 0.1 பொருந்துகிறதா என்று சோதியுங்கள்.