விழுங்கிய மாத்திரை எங்கே போகிறது? கேள்வி பதில்

மருத்துவமனை மருந்தகத்தில் மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் கேள்விகள் இவை. வரிசை நீளமாக இருந்ததால் அங்கே சுருக்கமாகச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

கே: தலைவலி மாத்திரைக்குத் தலை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? என் மகள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை மேடம்.

அருமையான கேள்வி கேட்டிருக்கிறாள். மாத்திரைக்குத் தெரியாது. கரைந்து, பெரும்பாலும் சிறுகுடல் வழியாக ரத்தத்தில் கலந்து, ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகிறது. தனக்குத் தோதான புரதம் எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் ஒட்டிக்கொண்டு வேலை செய்கிறது. மூட்டுவலிக்கு இபுபுரூஃபன் போட்டால் வயிறு எரிவது இதனால்தான். மூட்டில் வலியைக் கூட்டுகிற புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளே இரைப்பையின் உள்சுவரையும் காக்கிறது. மருந்து இரண்டு இடத்திலும் அதைக் குறைத்துவிடும்.

கே: அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். பதற்றத்தில் விழுங்கிவிட்டால்?

குடலிலிருந்து கிளம்பும் ரத்தம் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். நாக்குக்கு அடியில் வைக்கிற ஐசோசார்பைடு டைநைட்ரேட் மாத்திரையை விழுங்கினால் அதில் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடும், மீதி வேலையைக் காட்டவும் நேரமாகும். நாக்கடிச் சவ்வு வழியாகப் போனால் கல்லீரலைத் தொடாமல் நேரே ரத்தத்தில் சேர்ந்து, சில நிமிடங்களில் வேலை செய்யும். அப்பாவை உட்கார வைத்துக் கொடுங்கள், ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். ஐந்து நிமிடத்தில் வலி விடவில்லை என்றால் 108ஐக் கூப்பிடுங்கள்.

கே: சுகர் மாத்திரை மலத்தில் அப்படியே முழுசாக வருகிறது. போலி மருந்தா?

போலி இல்லை. ஒரு பெரியவர் அதைக் கழுவி, செய்தித்தாள் துண்டில் மடித்து என்னிடமே கொண்டுவந்தார். கையுறை போட்டுக்கொண்டு அவர் கண்முன்னே லேசாக அழுத்தினேன். ஊறிய ஜவ்வரிசி மாதிரி நசுங்கியது. சுகருக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மின் எஸ்ஆர் (மெதுவாகக் கசிகிற வகை) மாத்திரைகள் சிலவற்றில் மருந்து ஒரு ஜெல் கூட்டுக்குள் இருக்கும். பல மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து மருந்து உள்ளே போய்விடும், கூடு மட்டும் வெளியே வரும். இதைச் சொன்னதும் அவர் முகம் வாடியது. போலி என்று நினைத்து நாலு நாளாக மாத்திரையை நிறுத்தியிருந்தார். சந்தேகம் வந்த அன்றைக்கே கேட்டிருக்கலாமே ஐயா என்று எனக்கு மனசு கேட்கவில்லை. அட்டையில் எஸ்ஆர், எக்ஸ்ஆர் என்று இருந்தால் பொடித்தும் கொடுக்காதீர்கள். நாள் முழுக்கக் கசிய வேண்டியது ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும்.

கே: டோலோ 650 போட்டு இரண்டு மணி நேரம் ஆகியும் காய்ச்சல் இறங்கவில்லை அக்கா. இன்னொன்று போடலாமா?

வேண்டாம் தம்பி. டோலோவில் இருக்கும் மருந்து பாராசிட்டமால். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே இரண்டு, மூன்று மணி நேரம் ஆகும். இதைத்தான் அரை ஆயுள் என்கிறோம். முதல் மாத்திரை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஆறு மணி நேரம் விட்டுப் போடுங்கள். அதைவிட எனக்குப் பெரிய பயம் வேறு. நீங்கள் சேர்த்துப் போடும் சளி மாத்திரையிலும் உடம்புவலி மாத்திரையிலும் பலசமயம் இதே பாராசிட்டமால்தான் இருக்கும். அட்டையைத் திருப்பிப் படியுங்கள். வளர்ந்தவருக்கு 24 மணி நேரத்தில் 4 கிராம்தான் உச்சவரம்பு. மெலிந்தவர்களுக்கும் தினமும் குடிப்பவர்களுக்கும் அதைவிடக் குறைவு. அளவு மீறினால் கல்லீரலில் உண்டாகும் நச்சை அடக்குகிற குளூட்டாதையோன் தீர்ந்துபோகும். முதல் நாள் வெறும் குமட்டல்தான் இருக்கும், சிலருக்கு அதுவும் இருக்காது. கல்லீரல் கெட்டது இரண்டு, மூன்று நாள் கழித்துத்தான் தெரியவரும். மாற்றுமருந்தான அசிட்டைல்சிஸ்டீனை முதல் 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் மிக நன்றாக இருக்கும். அதனால் அதிகமாகப் போட்டது தெரிந்தால், நன்றாகத்தானே இருக்கிறோம் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கே: தைராய்டு மாத்திரை ஒரு நாள் மறந்துவிட்டேன். பயமாக இருக்கிறது.

பயப்படாதீர்கள் அம்மா. அதன் அரை ஆயுள் சுமார் 7 நாள், ஒரு நாளில் பெரிதாகக் குறையாது. அளவை மாற்றியபின் டிஎஸ்எச் (தைராய்டு ரத்தப் பரிசோதனை) பார்க்க 6 வாரம் காத்திருக்கச் சொல்வதும் இதனால்தான். காபியை மட்டும் அரை மணி நேரமாவது தள்ளிவையுங்கள். கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளை 4 மணி நேரம் தள்ளி.

கே: ஆஸ்பிரின் நேற்று ராத்திரி போட்டது. இன்றைக்குள் உடம்பைவிட்டுப் போயிருக்குமா? பல் பிடுங்கணும்.

மருந்து போய்விட்டது, அது செய்த வேலை போகவில்லை. ஆஸ்பிரினின் அரை ஆயுள் 15, 20 நிமிடம்தான். அதற்குள் ரத்தத்தை உறையவைக்க உதவுகிற தட்டணுக்களில் உள்ள ஒரு நொதியை நிரந்தரமாக முடக்கிவிடுகிறது. தட்டணுவுக்குக் கரு கிடையாது, புதிதாக நொதி செய்துகொள்ள அதற்கு வழியில்லை. அந்தத் தட்டணு 7 முதல் 10 நாளில் மடிந்து புதிது வந்தால்தான் சரியாகும். இதைக் கேட்டுவிட்டு நீங்களாகவே பத்து நாள் நிறுத்திவிடாதீர்கள். இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சின்னக் குழல்) வைத்தவருக்கு அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பல் பிடுங்க பொதுவாக ஆஸ்பிரினை நிறுத்தச் சொல்வதில்லை. போடுகிற எல்லா மாத்திரையின் பெயரையும் பல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பஞ்சு வைத்து அழுத்தி, தேவைப்பட்டால் ஒரு தையல் போட்டு ரத்தத்தை நிறுத்திவிடுவார்.